விடுவதா, நாணைத் தளர்த்துவதா? வில் வேட்டையில் ஒரு கடினமான முடிவின் கணக்கு

2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டிய நிலத்தில் சிசில் என்ற சிங்கம் அம்பெய்து கொல்லப்பட்டபோது, உலகம் முழுக்கக் கோபம் கிளம்பியது. முதல் அம்பு பட்டும் சிங்கம் உடனே சாகவில்லை. 40 மணி நேரம் காயத்தோடு அலைந்தது என்றன தொடக்கத்தில் வந்த செய்திகள். அந்தச் சிங்கத்தைக் கழுத்துப்பட்டைக் கருவி வழியே பின்தொடர்ந்துவந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் பின்னர் அதை 10 முதல் 12 மணி நேரம் என்று கணித்தார். எப்படிப் பார்த்தாலும் ஓர் இரவு முழுக்க.

அப்போது பலர் கேட்ட கேள்வி: நவீன வில், பழகிய கை, பெரிய உருவம். அப்புறம் ஏன் ஒரே அம்பில் முடியவில்லை? பணக்கார வேட்டைக்காரர் ஒருவரின் கதையாக மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. வட அமெரிக்காவில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் லட்சக்கணக்கானவர்கள் வில்லோடு வெள்ளைவால் மானையும் எல்க் மானையும் தேடிக் காட்டுக்குள் போகிறார்கள். ‘இந்த அம்பை விடலாமா?’ என்ற கேள்வி அவர்கள் ஒவ்வொருவருக்கும் வரும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் இப்படிப்பட்ட வேட்டைக்கு இடமில்லை. பிரிட்டனும் விலங்குகளை வில்லால் வேட்டையாடுவதைத் தடைசெய்திருக்கிறது. அதனால் நமக்கு இது தூரத்து விஷயம். ஆனால் அந்தத் தடைகளுக்கு ஆதரவாகவும் எதிராகவும் பேசப்படுவதைப் புரிந்துகொள்ள, முதலில் அம்பு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

அம்பு எப்படிக் கொல்கிறது

துப்பாக்கித் தோட்டாவும் அம்பும் ஒரே வேலையைச் செய்வதில்லை. இன்றைய காம்பவுண்ட் வில்லிலிருந்து (கப்பிகளின் உதவியோடு இழுக்கப்படும் வில்) கிளம்பும் வேட்டை அம்பின் எடை 25 முதல் 32 கிராம், வேகம் நொடிக்கு 80 முதல் 95 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதன் ஆற்றல் சுமார் 100 ஜூல். மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .30-06 ரகத் தோட்டாவின் ஆற்றல் 3,500 ஜூலுக்கும் மேல். தோட்டா தன் பாதையைச் சுற்றியுள்ள திசுக்களையும் சிதைக்கிறது, எலும்பை நொறுக்குகிறது. அம்புக்கு அந்தப் பலம் கிடையாது. அதன் முனையில் சவர பிளேடு போன்ற கூர்மையுடன் இரண்டோ மூன்றோ தகடுகள் இருக்கும். தன் வழியில் உள்ள இரத்தக் குழாய்களை அவை அறுக்கும். அவ்வளவுதான்.

அதனால் அம்பு பட்ட விலங்கு இறப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, மூளைக்குப் போகும் இரத்த அழுத்தம் விழும் அளவுக்கு இரத்தம் வெளியேற வேண்டும். மொத்த இரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போனால் பொதுவாக விலங்கு சாய்ந்துவிடும். இரண்டு, மார்புக்கூட்டுக்குள் காற்று புகுந்து நுரையீரல்கள் சுருங்கிவிட வேண்டும். இரண்டு நுரையீரல்களையும் அம்பு துளைத்துப் போனால் இவை இரண்டும் ஒன்றாக நடக்கும். மான் நூறு மீட்டர் ஓடி, ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். பல நேரம் தனக்கு என்ன ஆனது என்றே தெரியாமல் நாலு எட்டு ஓடி, நின்று, தள்ளாடிச் சாயும்.

ஒரே ஒரு நுரையீரலில் மட்டும் பட்டால் கதை வேறு. எல்க் போன்ற பெரிய விலங்கு மீதமிருக்கும் நுரையீரலோடு கிலோமீட்டர் கணக்கில் போகும். ஈரலில் பட்டால் சில மணி நேரம், குடலில் பட்டால் அரை நாள். தோள் எலும்பில் பட்டால் அம்பு உள்ளே போகாமலே நின்றுவிடலாம். ஆக, சில சென்டிமீட்டர் விலகல்தான் ஒரு நிமிட மரணத்துக்கும் ஓர் இரவு வேதனைக்கும் நடுவில் நிற்கிறது. வில் வேட்டையில் ‘கடினம்’ என்ற சொல்லின் பொருள் முழுக்க அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது.

எந்தக் கோணம்

வெள்ளைவால் மானின் மார்பில் இரு நுரையீரல்களும் இதயமும் சேர்ந்து அடங்கும் பகுதி, பக்கவாட்டில் பார்த்தால், 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. எல்க்குக்கு இன்னும் பெரிது. ஆனால் விலங்கு திரும்பத் திரும்ப அந்தத் தட்டின் அகலம் மாறுகிறது.

1. பக்கவாட்டாக நிற்பது. இரு நுரையீரல்களும் ஒரே கோட்டில் வரும். எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கப்படும் நிலை இதுதான்.

2. எய்பவருக்கு முதுகைச் சற்றுக் காட்டியபடி சாய்வாக விலகி நிற்பது. இன்னும் நல்லது என்று பலர் சொல்வார்கள். விலங்கின் கண் வேறு பக்கம், தோள் எலும்பும் வழியில் இல்லை. விலங்கின் மறுபக்கத்து முன்னங்காலை மனதில் குறிவைத்து எய்ய வேண்டும். பார்க்கும் பக்கத்தில் அம்பு விலாவின் பின்பகுதியில் நுழையும். சாய்வு அதிகமாக அதிகமாக, இரைப்பையைத் தாண்டித்தான் நுரையீரலுக்குப் போக முடியும். அங்கே இது கெட்ட நிலையாக மாறிவிடுகிறது.

3. எய்பவரை நோக்கிச் சாய்ந்து நிற்பது. தோள் எலும்பும் மேற்கால் எலும்பும் மார்பை மூடிவிடும். தாண்டிப் போனாலும் ஒரு நுரையீரலும் ஈரலும்தான் அம்பின் பாதையில் இருக்கும். மான் வேட்டையில் இதைத் தவிர்ப்பதே பொது வழக்கம்.

4. நேருக்கு நேர். அமெரிக்க வில் வேட்டைக்காரர்களிடையே முடியாத சண்டை ஒன்று உண்டென்றால் இதுதான்.

அந்தச் சண்டைக்குக் காரணம் எல்க் வேட்டையின் முறை. செப்டம்பரில் இணைசேரும் பருவத்தில் ஆண் எல்க் கூவும். வேட்டைக்காரர்கள் ஊதுகுழலால் அதே ஓசையை எழுப்பி, போட்டிக்கு வந்த இன்னோர் ஆண் போல நடித்து அதைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட குரலைத் தேடி வரும் விலங்கு, குரல் வந்த திசையைப் பார்த்துத்தானே வரும்? அதனால் மார்பு முகமாக, பதினைந்து மீட்டரில், மரங்களுக்கு நடுவே வந்து நின்றுவிடும். கழுத்தின் அடியில், இரு தோள் முனைகளுக்கு நடுவே, உள்ளே போக ஒரு சிறு வாசல் உண்டு. அதில் சரியாகப் போன அம்பு மிக வேகமாகக் கொல்லும். உள்ளங்கை அளவு விலகினால் எலும்பு, அல்லது ஒரு பக்கத்து நுரையீரல் மட்டும்.

என் கருத்தில் இதற்கு நல்ல விடை அம்பில் இல்லை, ஆட்கள் நிற்கும் இடத்தில் இருக்கிறது. கூப்பிடுபவர் எய்பவருக்கு 40, 50 மீட்டர் பின்னால் தள்ளி நின்றால், விலங்கு எய்பவரைத் தாண்டிக் குரலை நோக்கிப் போகும். போகும் வழியில் பக்கவாட்டைக் காட்டும். அனுபவசாலிகள் இருவராகப் போவது இதற்காகத்தான். நேர்முக எய்தலை வாதாடி நியாயப்படுத்துபவர்களில் பலர், தனியாகப் போய் தானே கூப்பிட்டுத் தானே எய்பவர்கள்.

உயரம் இன்னொரு பொறி. மான் வேட்டையில் மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் பரண் கட்டி உட்காருவது வழக்கம். மான் 20 மீட்டர் தள்ளி நின்றால் அம்பு மிதமான சரிவில் இறங்கும். அதே மான் பரணுக்கு ஐந்து மீட்டரில் வந்தால் சரிவு 45 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து பார்க்கும்போது இரு நுரையீரல்களும் முதுகெலும்புக்கு இருபுறமும் பிரிந்து கிடப்பதால், ஒன்றில் மட்டும் படும் வாய்ப்பே அதிகம். கிட்ட வந்ததாலேயே சுலபமாகிவிட்டது என்ற நினைப்பு இங்கே ஏமாற்றும். பொறுத்திருந்து, மான் பத்துப் பதினைந்து மீட்டர் நகரவிட்டு எய்வது நல்லது.

நாணொலிக்கும் அம்புக்கும் நடுவே

இதுதான் இந்த விஷயத்தின் மையம். வில் துப்பாக்கி அல்ல. அம்பு ஒலியைவிட மெதுவானது. நாண் விடுபடும் ஓசை நொடிக்கு 340 மீட்டர் வேகத்தில் மானை அடைந்துவிடும். அம்பு பின்னால் வந்துகொண்டிருக்கும். ஓசை கேட்ட மான் பாய்ந்தோட, முதலில் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்துகிறது. அம்பைப் பார்த்து விலகுவதல்ல அது. ஓட்டத்துக்கான முதல் அசைவு. ஆனால் விளைவு ஒன்றே: மார்பு இருந்த இடத்தில் இப்போது முதுகு இருக்கிறது.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அம்பின் வேகம் நொடிக்கு 85 மீட்டர் என்றும், ஓசை கேட்டபின் மான் அசையத் தொடங்கப் பத்தில் ஒரு நொடி ஆகிறது என்றும், அதன் பிறகு அது தானாக விழும் பொருள் போலத் தாழ்கிறது என்றும் கொள்வோம்.

1. 20 மீட்டரில்: அம்பு போய்ச் சேர 0.24 நொடி, ஓசை போய்ச் சேர 0.06 நொடி. எதிர்வினை நேரத்தைக் கழித்தால் மானுக்கு மிஞ்சுவது 0.08 நொடி. அதற்குள் தாழக்கூடியது சுமார் 3 சென்டிமீட்டர்.

2. 40 மீட்டரில்: அம்புக்கு 0.47 நொடி, ஓசைக்கு 0.12 நொடி. மிஞ்சுவது 0.25 நொடி. தாழக்கூடியது சுமார் 31 சென்டிமீட்டர்.

தூரம் இரண்டு மடங்கு; தாழ்வு பத்து மடங்கு. 20 சென்டிமீட்டர் தட்டின் நடுவே மிகச் சரியாகக் குறிவைத்து எய்த அம்பு 40 மீட்டரில் முதுகுக்கு மேலே பறந்துவிடலாம், அல்லது அதைவிடக் கேடாக, முதுகெலும்பை ஒட்டிய சதையில் குத்தி நிற்கலாம். எய்தவர் செய்தது எதுவும் தவறில்லை. மைதானத்தில் அதே அம்பு நடுப்புள்ளியில் பாய்ந்திருக்கும்.

இங்கேதான் கடினம் இரண்டு வகையாகப் பிரிகிறது. தூரம், காற்று, சரிவு போன்றவை எய்பவரின் திறமையைச் சோதிப்பவை, பயிற்சியால் குறையும். அம்பு காற்றில் இருக்கும்போது விலங்கு என்ன செய்யும் என்பது எந்தப் பயிற்சிக்கும் கட்டுப்படாது. ‘நான் 60 மீட்டரிலும் தட்டை அடிப்பேன்’ என்பவர் முதல் வகைக்கு மட்டுமே பதில் சொல்கிறார்.

எல்லா மானும் எப்போதும் தாழ்வதில்லை. நிம்மதியாக மேயும் மான் அசையாமலே இருக்கக்கூடும். தலை நிமிர்ந்து, காதுகள் ஒரே திசையில் விறைத்து, முன்னங்காலால் தரையைத் தட்டும் மான் பெரும்பாலும் சட்டென்று தாழ்ந்து பாயும். எல்க் பெரும்பாலும் இந்த அளவுக்குத் துடிப்பானது அல்ல. அதனால் ஒரே தூரம் ஒரு விலங்குக்கு நியாயமாகவும் இன்னொன்றுக்குச் சூதாட்டமாகவும் இருக்கும். நடந்துபோகும் மானை நிறுத்த, வாயால் ‘மே’ என்று மெல்லக் கத்துவார்கள். மான் நிற்கும். ஆனால் அந்தக் கத்தலே அதை உஷாராக்கியும் விடுகிறது. நடக்கும் குறியைத் தவறவிடும் ஆபத்தைக் கொடுத்து, தாழும் குறியைத் தவறவிடும் ஆபத்தை வாங்கும் வியாபாரம் அது. இருபது மீட்டருக்குள் லாபம், முப்பதுக்கு மேல் சந்தேகம். மார்பின் நடுவுக்குப் பதில் கீழ் மூன்றில் ஒரு பங்கில், இதயத்தைக் குறிவைப்பதும் இதனால்தான்: மான் அசையாவிட்டால் இதயம், தாழ்ந்தால் நுரையீரல்.

தூரமும் கிளைகளும்

அம்பு நேர்கோட்டில் போவதில்லை. அதே 85 மீட்டர் வேகத்தில், 40 மீட்டருக்குப் பார்வைக் குறியைச் சரிசெய்து எய்யும் அம்பு நடுவழியில் பார்வைக் கோட்டுக்கு 27 சென்டிமீட்டர் மேலே ஏறித்தான் இறங்குகிறது. கண்ணுக்குப் பாதை காலியாகத் தெரியும். அம்பு மட்டும் மேலே ஒரு கிளையில் உரசித் திரும்பும். அடர்ந்த காட்டில் தவறும் அம்புகளில் பல இப்படித்தான் தவறுகின்றன. தூரத்தைத் தப்பாகக் கணித்தாலும் இதே வளைவு தண்டிக்கும். 20 மீட்டர் என்று நினைத்தது 25 ஆக இருந்தால் அம்பு 8 சென்டிமீட்டர் கீழே போகும். 40 என்று நினைத்தது 45 ஆக இருந்தால் 15 சென்டிமீட்டர் கீழே. லேசர் தூரமானி கையில் இருந்தாலும், அதை வைத்து அளந்து, கீழே போட்டு, நாணை இழுத்து முடிப்பதற்குள் விலங்கு நாலு அடி நகர்ந்திருக்கும்.

இந்தத் தூரத்து ஆசையே ஒப்பீட்டளவில் புதிது. 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் தனியாளாக வெளிப்பட்ட யாகி பழங்குடி மனிதர் இஷியிடம், பல்கலைக்கழக மருத்துவர் சாக்ஸ்டன் போப் வில் செய்யவும் வேட்டையாடவும் கற்றுக்கொண்டதிலிருந்து அமெரிக்காவின் நவீன வில் வேட்டை தொடங்குகிறது என்பார்கள். அப்போதைய மரவில்லில் நெருங்கிப் போவதே வேட்டையின் பெரும்பகுதி. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனி மான் பருவத்தை அனுமதித்தது. பிறகு 1969-இல் ஹோலிஸ் வில்பர் ஆலன் கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 70 பவுண்டு விசையில் இழுத்து, முழு இழுப்பில் 14 பவுண்டு மட்டும் தாங்கி நிற்கும் வில் அதிலிருந்து வளர்ந்து வந்ததுதான். வில் மாறியது; மானின் காது மாறவில்லை.

எய்பவரின் உடல்

மூன்று மணி நேரம் குளிரில் அசையாமல் உட்கார்ந்த பிறகு, கனத்த சட்டையோடு, இடுப்பைத் திருப்பி, ஒரே ஓர் அம்பு. இதுதான் உண்மையான சூழ்நிலை. இதயம் படபடக்க, பார்வைக் குறி மார்பில் நிற்காமல் ஆடும். ஆகவே மைதானத்தில் பத்தாவது அம்பு எங்கே போனது என்பதற்கு மதிப்பில்லை. காலையில் உடல் சூடேறாமல் விடும் முதல் அம்பு எங்கே போனது? தொடர்ந்து பல நாள் அந்த முதல் அம்பு தட்டுக்குள் விழும் தூரம்தான் ஒருவரின் எல்லை. காட்டில் அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவு எப்போது எடுக்கப்படுகிறது

நாணை இழுத்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது. ஆசை ஏற்கெனவே முடிவெடுத்திருக்கும். அதனால் பரணில் ஏறியவுடன், விலங்கு எதுவும் வராதபோதே, சுற்றியுள்ள மரங்களுக்குத் தூரத்தை அளந்து ‘அந்தப் பிர்ச் மரத்துக்கு அப்பால் இல்லை’ என்று எல்லை போட்டுவிடுகிறார்கள் கவனமானவர்கள். அதன் பிறகு கேட்க வேண்டியவை இவை, வரிசையும் முக்கியம்.

1. விலங்கு நிம்மதியாக இருக்கிறதா? இல்லை என்றால் தூரத்தைப் பாதியாக்கு, அல்லது விடாதே.

2. இரு நுரையீரல்களும் அம்பின் பாதையில் வருகின்றனவா? எங்கே நுழையும் என்பதைவிட எங்கே வெளியேறும் என்று பார்.

3. அம்பின் வளைவில் கிளை உண்டா? குறிக்குப் பின்னால் இன்னொரு மான் நிற்கிறதா?

4. எவ்வளவு வெளிச்சம் பாக்கி? மழை வருமா?

நாலாவதைப் பலர் மறந்துவிடுவார்கள். அம்பு பட்ட விலங்கை இரத்தத் தடத்தை வைத்துத்தான் தேட வேண்டும். மழை பெய்தால் தடம் அரை மணியில் போய்விடும். காலையில் நியாயமாக இருந்த அதே எய்தல், கருமேகம் கூடிய மாலையின் கடைசி வெளிச்சத்தில் நியாயமாக இருக்காது.

இவற்றில் ஏதேனும் ஒன்றுக்குப் பதில் திருப்தியில்லை என்றால், முழுக்க இழுத்த நாணைக்கூட மெல்லத் தளர்த்தி இறக்கிவிடலாம். அந்த அசைவைக் கண்டு மான் ஓடிவிடும். ஓடட்டும்.

முதல் அம்பு பட்ட பிறகு

இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் காயப்படாத விலங்குக்கு. அம்பு பட்டு, விலங்கு இன்னும் கண்ணெதிரே நின்றால் கணக்கு தலைகீழாகிறது. இப்போது மோசமான கோணமும் அதிக தூரமும்கூட ஏற்கத்தக்கவை. ஏனென்றால் விடாமலிருப்பதால் தவிர்க்கக்கூடிய துன்பம் எதுவும் பாக்கியில்லை. முதல் அம்பு நன்றாகத்தான் பட்டது என்று நம்பி இரண்டாவதைப் பொருத்தாமல் நிற்பது புதியவர்கள் செய்யும் தப்பு.

விலங்கு மறைந்துவிட்டால் அம்பைத் தேடி எடுத்துப் பார்க்க வேண்டும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைச் சொல்லும். அரை மணி காத்திருந்து தொடரலாம். அடர் சிவப்பு என்றால் ஈரல். நாலு முதல் ஆறு மணி நேரம். பச்சைக் கறையும் மேய்ச்சல் துணுக்கும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட்டுவிட வேண்டும். உடனே துரத்தினால் படுத்த விலங்கு எழுந்து, இரத்தம் சிந்தாமல் வெகுதூரம் போய்விடும். தவிக்கும் விலங்கைத் தேடாமல் காத்திருப்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தெரியும். ஆனால் அதைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

கணக்கில் வராத மான்கள்

மேரிலாந்தில் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில் பல ஆண்டு வில் வேட்டைப் பதிவுகளை வைத்து 2008-இல் வெளியான ஆய்வு, அம்பு பட்ட வெள்ளைவால் மான்களில் சுமார் 18 சதவீதம் கண்டெடுக்கப்படவில்லை என்றது. அங்கே வேட்டையாடியவர்கள் சும்மா வந்தவர்கள் அல்ல. தேர்ச்சி பார்க்கப்பட்டே அனுமதிக்கப்பட்டவர்கள். கண்டெடுக்கப்படாத எல்லா மானும் செத்தன என்றும் இல்லை. சதைக் காயத்தோடு பிழைப்பவை உண்டு. ஆனாலும் இது சிறிய எண் அல்ல.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில், காயப்படுத்தி இழந்த மான் ஒருவரின் ஒதுக்கீட்டில் சேராது. மறுநாள் அதே உரிமச் சீட்டோடு மறுபடி பரணில் ஏறலாம். அலாஸ்காவின் சில பகுதிகளில் காயப்பட்ட கரடி, கிடைக்காவிட்டாலும், கொன்றதாகவே கணக்கு. பருவம் அதோடு முடிந்தது. தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் கட்டண வேட்டை நடத்துபவர்கள் பொதுவாக இரத்தம் சிந்தினாலே முழுத் தொகையையும் வாங்கிவிடுவார்கள். 55 மீட்டரில், அரை வெளிச்சத்தில், தலை நிமிர்த்திய மான் ஒன்று நிற்கும்போது, மேலே சொன்ன நாலு கேள்விகளில் எத்தனையை ஒருவர் கேட்பார் என்பதை இந்த விதிகளும் ஓரளவு தீர்மானிக்கின்றன.